வன்னிக் கிணற்று நீரில் நுரை ஏன் நிற்பதில்லை: லாப்சாவும் அயனற்ற துணையும்

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவிப் பக்கங்களில் வீட்டோடு பாத்திரம் கழுவும் திரவம் செய்து விற்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு இரண்டு. ஒன்று, பயிற்சியில் தெளிவாக வந்த திரவம் வீட்டில் கலங்கி வருகிறது. மற்றது, போத்தலில் நன்றாக இருக்கிற திரவம் வாங்கினவரின் கிணற்று நீரில் நுரைக்காமல் செத்துப்போகிறது. இரண்டுக்கும் அழுக்கெடுக்கும் முதன்மைச் சாமானான லாப்சாவை (LABSA, ஒரு சல்போனிக் அமிலம்) கூட்டிப் பார்ப்பார்கள், கூட்டியும் சரிவராது. செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுகிற சாமான் சிடிஈஏ (CDEA, தேங்காயெண்ணெயிலிருந்து செய்யும் துணைப் பொருள்). வன்னித் தண்ணீருக்கு வெட்டக்கூடாத சாமானும் அதுதான். ஏன் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அழுக்கெடுக்கும் பொருட்களின் மூலக்கூறுக்கு எண்ணெயோடு ஒட்டும் வாலும், நீரை விரும்பும் தலையும் உண்டு. லாப்சாவைக் காஸ்டிக் சோடாவால் நடுநிலையாக்கினால் கிடைப்பதும், எஸ்எல்ஈஎஸ் (SLES) என்ற நுரைக்கும் பசையும், சவர்க்காரமும் தலையில் மறையேற்றம் கொண்டவை, அதாவது அயனுள்ளவை. சிடிஈஏ, கொழுப்பு அற்ககோல் எதொட்சிலேற்று, அல்கைல் பொலிகுளுக்கோசைட்டு ஆகியவற்றின் தலையில் ஏற்றமே இல்லை, இவைதான் அயனற்றவை. நீரில் ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டியதும் இந்த மூலக்கூறுகள் வாலை உள்ளே மறைத்து, தலையை வெளியே காட்டி உருண்டைகளாகத் திரளும். அந்த உருண்டைதான் மைசெல். எண்ணெயை உள்ளே வாங்குவது அதுவே.

ஏற்றமுள்ள தலைகள் ஒன்றையொன்று தள்ளும். அதனால் அவை திரளுவதற்கு அதிக செறிவு வேண்டும். 12 காபன் வாலுள்ள சோடியம் டொடெசைல் சல்பேற்று 25 பாகை செல்சியசில் லீற்றருக்கு 8 மில்லிமோலுக்கு (மோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) சற்று மேலே போனால்தான் மைசெல் ஆகும். அதே 12 காபன் வாலும், தலையில் 8 எதிலீன் ஒட்சைட்டு அலகுகளும் உள்ள அயனற்றதற்கு லீற்றருக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமோல் போதும். வால் ஒன்றே, வித்தியாசம் எண்பது மடங்கு. இரண்டையும் கலந்தால், முகம் கொடுத்துக் கதைக்காத இருவருக்கு நடுவில் பொதுவான ஒருவரை இருத்தினதுபோல, அயனற்ற தலைகள் ஏற்றமுள்ள தலைகளுக்கு இடையில் புகுந்து தள்ளுவிசையைத் தணிக்கும்.

கலவை எந்தச் செறிவில் மைசெல் ஆகும் என்பதற்கு, ஒன்றையொன்று பாதிக்காது என்ற எடுகோளில் கணக்குப் போட்டால், மேலே சொன்ன இரண்டையும் மோல் அளவில் சரிபாதி கலக்கும்போது சுமார் 0.2 மில்லிமோல் வரும். உண்மையில் அதற்கும் கீழேதான் வரும். இந்தக் கூடுதல் இறக்கத்தை அளக்க ரூபிங் என்ற ஆய்வாளர் 1979இல் கொடுத்த மாதிரியில் பீற்றா என்றொரு எண் உண்டு. பூச்சியம் என்றால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. மறை எண் பெரிதாகப் பெரிதாக ஈர்ப்பு அதிகம். இந்த இணைக்கு அது −3க்கும் −4க்கும் இடையில் நிற்கிறது. அந்த எண்ணைப் போட்டால் சரிபாதிக் கலவை 0.16 மில்லிமோல் அளவில் திரளும். இன்னொரு விசயமும் அதே கணக்கில் வெளிவரும்: நீங்கள் ஊற்றினது சரிபாதி என்றாலும் முதலில் உருவாகும் மைசெலில் ஏறத்தாழ 85 வீதம் அயனற்றதாகவே இருக்கும். செறிவு ஏற ஏறத்தான் மைசெலின் கூட்டு நீங்கள் ஊற்றின விகிதத்துக்கு வரும். பாத்திரம் கழுவும் வாளியில் திரவம் ஐதாகத்தான் இருக்கும், ஆகவே அங்கே அயனற்றதன் கை ஓங்கியிருக்கும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். பரந்தன், முழங்காவில், முருங்கன் பக்கம் நிலத்துக்கடியில் சுண்ணக்கல். வவுனியா, செட்டிகுளம் பக்கம் கருங்கற்பாறை என்றாலும் கோடையில் கிணறு வற்ற வற்ற வன்மை (நீரில் கரைந்த கல்சியம், மக்னீசியத்தின் அளவு) ஏறும். குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 614இல் மொத்த வன்மையின் உச்சம் லீற்றருக்கு 250 மில்லிகிராம், கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை தடிப்பாகக் கட்டுகிற வீட்டில் அளவு இதைத் தாண்டியிருக்க இடமுண்டு. ஊகிக்க வேண்டியதில்லை, உயர்தர இரசாயனவியல் ஆய்வுகூடம் உள்ள எந்தப் பாடசாலையிலும் அளக்கலாம்: 50 மில்லிலீற்றர் நீர், பிஎச் 10இல் வைக்க அமோனியாத் தாங்கற் கரைசல், நிறங்காட்டியாக எரியோகுரோம் பிளக் ரி கொஞ்சம், சொட்டுச் சொட்டாக விட 0.01 மோலர் ஈடிடிஏ (கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் பொருள்). வைன் சிவப்பு முழுக்க மறைந்து நீலமாகிற இடத்தில் நிறுத்தி, செலவான மில்லிலீற்றரை 20ஆல் பெருக்கினால் வன்மை கிடைக்கும்.

300 என்று வந்தால் லீற்றருக்கு 3 மில்லிமோல் கல்சியமும் மக்னீசியமும். இப்போது 8 வீதம் லாப்சா உள்ள திரவத்தில் ஒரு கிராமை ஒரு லீற்றர் நீரில் விடுங்கள். லாப்சா கால் மில்லிமோல்தான் இருக்கும். வன்மை அயன்கள் அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. எண்ணிக்கையில் லாப்சாவுக்கு வெல்ல வழியே இல்லை. அதைக் கூட்டினால் படிவு கூடும், பாத்திரத்தில் மங்கல் படலம் கூடும், அவ்வளவுதான்.

ஆனால் படிவு விழுவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது மொத்த அளவு இல்லை. நீரில் தனியே திரிகிற லாப்சா மூலக்கூறின் செறிவுதான் கணக்கில் வரும், அதுவும் வர்க்கமாக. ஒரு கல்சியம் அயன் இரண்டு லாப்சாவைப் பிடிப்பதால் கரைதிறன் பெருக்கம் (படிவு எப்போது விழும் என்பதைக் காட்டும் செறிவுகளின் பெருக்கல்) அப்படி அமைகிறது. அயனற்ற துணை இருந்தால் மைசெல் முந்தியே திரண்டு, லாப்சாவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். தனியே திரிவது அரைவாசியானால் பெருக்கம் காற்பங்கு ஆகும். அதாவது நாலு மடங்கு கல்சியத்தை அதே திரவம் தாங்கும். சின்ன அளவு சிடிஈஏ பெரிய வித்தியாசம் காட்டுவதன் இரகசியம் இந்த வர்க்கத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்கமாக ஒன்றும் நடக்கும்: மைசெலின் ஏற்றம் ஐதாவதால் அது தன்மேல் ஒட்டிவைத்திருந்த கல்சியத்தில் ஒரு பகுதியை நீருக்கு விட்டுவிடும். இருந்தும் இழுத்து வைக்கிற விளைவே பெரிது.

எஸ்எல்ஈஎஸ் வன்னீரில் லாப்சாவைவிட நன்றாக நிற்பதற்கும் இதோடு உறவு உண்டு. அதன் தலைக்கு முன்னால் சராசரியாக 2 அல்லது 3 எதிலீன் ஒட்சைட்டு அலகுகள் உள்ளன. அயனுள்ளதும் அயனற்றதும் ஒரே மூலக்கூறில் சேர்ந்த கதை அது. காசு இருந்தால் லாப்சாவைக் குறைத்து எஸ்எல்ஈஎஸ்ஸைக் கூட்டுவது நல்ல வழி.

10 கிலோ திரவத்துக்கு வன்னித் தண்ணீரை மனதில் வைத்து ஒரு அளவு: 96 வீத லாப்சா 800 கிராம், காஸ்டிக் சோடா 104 கிராம், 70 வீத எஸ்எல்ஈஎஸ் பசை 600 கிராம், சிடிஈஏ 200 கிராம், இருசோடியம் ஈடிடிஏ 10 கிராம், சுத்திகரித்த தூள் உப்பு 100 கிராம், வாசனையும் பாதுகாப்பியும் விற்பவர் சொன்ன அளவில், மிச்சம் 8.1 கிலோவளவில் தண்ணீர். வேலை செய்யும் பொருள் மொத்தம் 14 வீதத்துக்குக் கிட்ட வரும், அதில் ஏழில் ஒன்று அயனற்றது.

தண்ணீரை மூன்றாகப் பிரியுங்கள். 3 லீற்றர் கட்டாயம் மழைநீராக அல்லது சுத்திகரிப்பு நிலைய நீராக இருக்கவேண்டும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யிற மழையைக் கூரையிலிருந்து மூடின பரலில் பிடித்து வைத்தால் வருசம் முழுக்கக் காணும். இதில்தான் காஸ்டிக் கரைக்கவேண்டும். கிணற்று நீரில் காஸ்டிக்கைப் போட்டவுடனே இருகாபனேற்று கல்சியம் காபனேற்றாகவும், மக்னீசியம் ஐதரொட்சைட்டாகவும் வெள்ளையாக விழும். தொடக்கத்தில் சொன்ன முதல் முறைப்பாடு, அந்தக் கலங்கல், பெரும்பாலும் இங்கேயே பிறக்கிறது. சனம் லாப்சா கூடாது என்று கடைக்காரனைத் திட்டும்.

4.8 லீற்றர் கிணற்று நீராக இருக்கலாம். அதில் முதல்நாள் இரவே ஈடிடிஏயைக் கரைத்து, அது வன்மை அயன்களைப் பிடிக்கும்போது வெளிவிடும் அமிலத்தை ஈடுகட்ட அந்த 104 கிராமிலிருந்து 2 கிராம் காஸ்டிக்கைப் போட்டு, எஸ்எல்ஈஎஸ் பசையைக் கரண்டியால் சின்னச் சின்னத் துண்டாக விட்டு மூடிவையுங்கள். 10 கிராம் ஈடிடிஏ 27 மில்லிமோல். 500 வன்மையுள்ள கிணற்று நீரில் 5 லீற்றரைச் சமாளிக்க அது போதும். ஆனால் ஈடிடிஏ உங்கள் போத்தலுக்குள் இருக்கிற தண்ணீரைத்தான் திருத்தும். வாங்கினவர் வீட்டு வாளியில் இருக்கிற கல்சியத்துக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். அங்கே காப்பாற்ற வேண்டியது சிடிஈஏ.

எஸ்எல்ஈஎஸ்ஸை ஏன் இரவு ஊறவைக்கவேண்டும்? 70 வீதத்தில் அது வழுகும் பசை. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து 60 தொடக்கம் 30 வீதத்துக்குள் வரும்போது மூலக்கூறுகள் நீண்ட உருளைகளாக அறுகோண வடிவில் அடுக்கி, அகப்பை நிற்கிற அளவுக்கு இறுகிவிடும். பசையின்மேல் தண்ணீரை விட்டு விட்டுக் கலக்குபவர் கட்டியோடு ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டுவது இதனால்தான். பசை முழுவதையும் ஒரேயடியாக நிறைய நீருக்குள் விட்டால், ஒவ்வொரு துண்டின் மேற்தோலும் அந்த இறுகிய நிலையைத் தாண்டித் தானாகக் கரையும். காலையில் மெதுவாக ஒருக்கால் கிண்டினால் சரி. வேகமாகக் கிண்டும் துளைகருவித் துடுப்பு வேண்டாம், நுரைதான் ஏறும்.

காலையில் 3 லீற்றர் மழைநீரில் 98 கிராம் காஸ்டிக்கைப் போட்டுக் கரையுங்கள். தண்ணீருக்குள் காஸ்டிக், காஸ்டிக்குக்குள் தண்ணீர் இல்லை. பிளாஸ்டிக் வாளி, றப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அலுமினியச் சட்டியில் செய்தால் காஸ்டிக் சட்டியையே தின்று ஐதரசன் வாயுவை விடும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்டிக் சோடா செய்த மண் இது. அங்கே வேலை செய்த பெரியவர்கள் ஊரில் இருந்தால் காஸ்டிக்கை எப்படிக் கையாளுவது என்று கேளுங்கள், நான் எழுதுவதைவிட நன்றாகச் சொல்வார்கள்.

லாப்சாவை நூல்போல மெல்ல விட்டுக்கொண்டே கிண்டவேண்டும். காஸ்டிக் கரைவதும் நடுநிலையாவதும் சேர்ந்து சூடு 50 பாகையை நெருங்கும். ஆறினபிறகு ஒரு பங்கை பத்துப் பங்கு மழைநீரில் கலந்து பிஎச் தாளால் பாருங்கள். 7 தொடக்கம் 8 வேண்டும். குறைந்தால் மிச்சம் வைத்த 4 கிராமைச் சொட்டு நீரில் கரைத்து விடுங்கள். லாப்சாவில் சிறிதளவு கந்தக அமிலம் எப்போதும் இருக்கும், அதுவும் காஸ்டிக்கைக் குடிக்கும். அதனால் ஒவ்வொரு பரலுக்கும் தேவை கொஞ்சம் மாறும்.

அமிலத்தன்மை தீராமல் எஸ்எல்ஈஎஸ்ஸோடு சேர்க்காதீர்கள். அமிலமும் சூடும் சேர்ந்தால் எஸ்எல்ஈஎஸ் நீர்ப்பகுப்படையும். அதில் வெளிவரும் அமிலம் மேலும் உடைக்கும், ஒருமுறை தொடங்கினால் தன்னாலேயே ஓடும். இரண்டு வாளியையும் சேர்த்தபிறகுதான் சிடிஈஏ. அது காரத்தன்மை உள்ளது, பிஎச் ஏறும். சித்திரிக் அமிலத்தைக் கரைத்து விட்டு 7.5க்குக் கொண்டுவாருங்கள். வாசனை, பாதுகாப்பி, நிறம் இவை உப்புக்கு முதல். வாசனை எண்ணெய் தடிப்பை மாற்றிவிடும், உப்புக்குப் பிறகு விட்டால் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த தடிப்பு போய்விடும்.

உப்புத்தான் கைதவறும் இடம். 100 கிராம் உப்பை மிச்ச 300 மில்லிலீற்றர் மழைநீரில் கரைத்து, 50 மில்லிலீற்றராக விட்டு, ஒவ்வொரு முறையும் கிண்டிப் பொறுத்துப் பாருங்கள். சோடியம் அயன்கள் ஏற்றமுள்ள தலைகளின் தள்ளுவிசையை மறைப்பதால் உருண்டை மைசெல் நீண்டு புழுபோல் வளர்ந்து ஒன்றோடொன்று சிக்கும். திரவம் தடிக்கும். மேலும் உப்பு விட்டால் சிக்கல்கள் கிளைவிட்டு வழுக்கத் தொடங்கித் திரும்பவும் தண்ணியாகும், அதற்கும் மேலே போனால் கலங்கிப் பிரியும். சிடிஈஏயின் தலை சிறிது, அது இடையில் புகுந்து அரைவாசி வேலையை முடித்துவிடுவதால் உச்சத் தடிப்பு குறைந்த உப்பிலேயே வந்துவிடும். சிடிஈஏ இல்லாத செய்முறையிலிருந்து உப்பின் அளவை எடுத்து, சிடிஈஏ உள்ளதில் போட்டால் உச்சத்தைத் தாண்டிவிடுவீர்கள். தண்ணியாக இருப்பது உப்புக் குறைந்தா கூடியா என்று தெரியாவிட்டால் 200 மில்லிலீற்றரை வேறாக எடுத்துக் கொஞ்சம் உப்புநீர் விடுங்கள். தடித்தால் உப்புக் குறைவு, இன்னும் தண்ணியானால் உப்புக் கூடுதல். கூடினதைத் திருத்த உப்பில்லாத இன்னொரு தொகுதியோடு கலப்பதைத் தவிர வழியில்லை. கழுவாத கல்லுப்பு வேண்டாம், அதில் கல்சியமும் மக்னீசியமும் இருக்கும். ஈடிடிஏ போட்டு விரட்டினதை வாசலால் திரும்பக் கூப்பிடுவது அது.

அயனற்றது என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒரே வேலை செய்யாது. 9 எதிலீன் ஒட்சைட்டு அலகுள்ள எதொட்சிலேற்றுக்குத் தலை பெரிது. கல்சியத்தை மறிப்பதில் சிடிஈஏயைவிடக் கெட்டி, கொழுப்பையும் நன்றாக எடுக்கும். ஆனால் மைசெலை உருண்டையாகவே வைத்திருப்பதால் உப்புக்குத் தடிக்காது, நுரையையும் குறைக்கும். தடிப்பையும் நுரையையும் பார்த்து வாங்குகிற எங்கள் சனத்துக்கு அதை மட்டும் வைத்துச் செய்தால் விலைபோகாது. சிடிஈஏயில் 50 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் இதைப் போடலாம், அதற்குமேல் வேண்டாம். பொலிகுளுக்கோசைட்டு கைக்கு இதமானது, விலை கூட. சிடிஈஏ பற்றி ஒன்று சொல்லவேண்டும்: சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை 2பி வகையில் (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகை) வைத்திருக்கிறது, எலிகளின் தோலில் செய்த ஆய்வை வைத்து. நைத்திரைற்று விடக்கூடிய புரோனோபோல் போன்ற பாதுகாப்பியோடு அதைச் சேர்க்கக்கூடாது, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைத்திரோசமீன் உருவாகும்.

எதொட்சிலேற்று உள்ளதை வெயிலில் வைத்தால் கலங்கலாம். சூட்டில் அதன் தலை பிடித்திருந்த நீர் கழன்றுவிடும். திரைத்தன் எக்ஸ் 100 என்ற எதொட்சிலேற்றின் 1 வீதக் கரைசல் 65 பாகைக்குக் கிட்டக் கலங்கும். கொஞ்சம் அயனுள்ளதைச் சேர்த்தாலே மைசெல்கள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கி அந்த வெப்பநிலை நன்றாக மேலே போகும். உப்பு அதைத் திரும்ப இறக்கும். தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் கலங்கி இரவில் தெளிகிற போத்தல் பழுதானதில்லை, உப்புக் கூடினது.

ஒரு சேர்க்கையை மட்டும் அறவே தவிருங்கள். கிருமி கொல்லும் என்று போட பென்சல்கோனியம் குளோரைட்டு, செற்றிரிமைட்டு கேட்டு வருகிறார்கள். இவை நேரேற்றம் கொண்டவை. லாப்சாவோடு பீற்றா −10ஐத் தாண்டி −25 வரை போகும், இறுகப் பிடித்து மெழுகாக விழும். கிருமியும் சாகாது, அழுக்கும் போகாது. கிருமிநாசினி உள்ள தரை கழுவும் திரவம் வேண்டுமென்றால் லாப்சாவை முற்றாக விட்டு, அயனற்றதோடு மட்டும் செய்யுங்கள். அவை இரண்டும் ஒத்துப்போகும்.

செய்து முடிந்ததும் விற்க முதல் ஒரு சோதனை. வாங்கப்போகிற ஊரின் கிணற்று நீரில், முடிந்தால் ஆவணிக் கோடையில் எடுத்ததில், ஒரு லீற்றருக்கு 1 கிராம் விட்டுக் கண்ணாடிப் போத்தலில் கலக்கி, கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். தெளிவு அல்லது இலேசான நீலப் புகை என்றால் போகலாம். வெள்ளைத் தூள் அரைமணித்தியாலத்தில் அடியில் இறங்கினால் லாப்சாவில் 100 கிராமைக் குறைத்து, சிடிஈஏயில் 50 கிராமையும் எஸ்எல்ஈஎஸ்ஸில் 100 கிராமையும் கூட்டுங்கள். காஸ்டிக்கையும் 13 கிராம் குறைக்க மறக்கவேண்டாம். பிறகு நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் குலுக்கி நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். வெறும் நீரில் எழும்பும் நுரை ஏமாற்றும், எண்ணெயோடு நிற்கிறதுதான் நுரை.

இதே விசயம் தோட்டத்திலும் வரும். வேப்பெண்ணெயைச் சவர்க்காரத்தோடு கலந்து கத்தரிக்கும் மிளகாய்க்கும் தெளிப்பவர்களுக்குக் குழாய்க்கிணற்று நீரில் சவர்க்காரம் தயிராகத் திரண்டு தெளிகருவியின் வாயை அடைக்கும், எண்ணெய் மேலே மிதக்கும், கடைசியில் தெளிக்கிற மரத்துக்கு எண்ணெய் மொத்தமாக விழுந்து இலை கருகும். பீடைநாசினிக் குழம்புச் செறிவுகளில் (நீரில் விட்டால் பால்போலக் கலக்கும் செறிந்த திரவங்கள்) கல்சியம் டொடெசைல்பென்சீன் சல்பனேற்றும், எதொட்சிலேற்று ஆக்கின ஆமணக்கெண்ணெயும் சோடியாகப் போவது இதற்குத்தான். அயனுள்ளதை முதலே கல்சிய உப்பாக வைத்துவிட்டால் வன்னீருக்கு அதில் கெடுக்க என்ன மிச்சம்? வன்மை கூடின நீருக்கு அந்தச் சோடியில் அயனற்றதன் பங்கைக் கூட்டுவார்கள். அப்படியான செறிவுகளைச் சோதிக்கும் சர்வதேச நியம நீர்களில் ஒன்றின் வன்மை 342, எங்கள் கிணறுகள் பலவற்றுக்குப் புதிதில்லை. அந்தத் திரவத்தில் 5 மில்லிலீற்றரை 100 மில்லிலீற்றர் அளவுசாடியில் நியம நீரோடு கவிழ்த்துக் கலக்கி, அரை மணி, 2 மணி, 24 மணி கழித்து மேலே ஆடையோ எண்ணெயோ பிரிகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டில் தெளிக்கப்போகிற அளவுக்கு நீர் கலந்தே பார்க்கலாம். சோடி கிடைக்காவிட்டால் எதொட்சிலேற்று ஆக்கின ஆமணக்கெண்ணெய் மட்டுமாவது, ஒரு லீற்றர் வேப்பெண்ணெய்க்கு 100 மில்லிலீற்றர், உலர்ந்த வாளியில் எண்ணெயோடு முதலில் கலந்து, பிறகு கொஞ்ச நீர், பிறகு முழு நீர். லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் எண்ணெய் போதும். குளத்துத் தண்ணீர் கிட்ட இருந்தால் கிணற்றை விட்டு அதை எடுங்கள். வேம்பில் பூச்சியை அடக்கும் பொருளான அசாடிரக்டின் காரத்தில் விரைவாகச் சிதையும், சவர்க்காரம் போட்ட நீர் காரம். கலந்த அன்றே தெளித்து முடிக்கவேண்டும், அடுத்தநாளைக்கு வைக்கக்கூடாது.